கறித்துண்டு யாருக்கு?

கறிக்கடையில் நின்று, "ஒரு கிலோ போடுங்கள் பாய்" என்று சொல்லிப் பணத்தை நீட்டுவதோடு ஆண்களின் வேலை முடிந்துவிடுகிறது. பையைத் திறந்து பார்க்கும்போதுதான் எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது அடுப்படியில் இருப்பவருக்குத் தெரிகிறது. வாங்குபவருக்கு இன்றைக்கு என்ன சமையல் என்பது தெரியாது. சமைப்பவருக்கோ எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பே இல்லை. நம் இல்லங்களில் கறி கடினமாக இருந்தது, போதவில்லை, ஒருவருக்கு மிஞ்சி ஒருவருக்கு இல்லாமல் போனது என்று எழும் மனக்குறைகளில் பாதி, இந்த இருவரும் முன்னதாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாததால் வருபவையே.

இப்போது இதில் புதிய சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள், 'ஸ்டீக்' வேண்டும் என்கிறார்கள். இரண்டு விரல் கனத்துக்கு முழுத் துண்டாக வெட்டி, மசாலா அதிகமில்லாமல் சுட்டுத் தட்டில் வைக்கும் அந்த உணவைச் சுந்தரபாண்டியம் போன்ற சிற்றூரில் இருந்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ கறி வாங்கி வந்து சமைக்க முடியுமா என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். முடியும். ஆனால் எட்டுப் பேர் உள்ள வீட்டில் அதை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் உண்மையான கேள்வி. ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு துண்டு என்பது நம் வீட்டுக் கணக்குக்கு ஒத்துவராது.

துண்டு ஏன் சிறியதாக இருக்கிறது?

நம் கடைகளில் கறியைக் கையகலத் துண்டாகக் கொடுப்பதில்லை. எலும்போடு சேர்த்துச் சின்னஞ்சிறு துண்டுகளாகக் கொத்தித்தான் கொடுக்கிறார்கள். இதைக் கடைக்காரரின் அவசரம் என்று நினைப்பது தவறு. ஒரு கிலோ கறியை முப்பது நாற்பது துண்டாக்கிக் குழம்பில் போட்டால், எதிர்பாராத விருந்தாளி வந்தாலும் யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. எலும்பின் சாரமும் கொழுப்பும் குழம்பில் இறங்கிவிடுவதால், துண்டு கிடைக்காதவருக்கும் கறியின் சுவை கிடைத்துவிடுகிறது. குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரை இந்த அடுப்படி அறிவோடு எவ்வளவு பொருந்துகிறது! தென்மாவட்டத்து ராவுத்தர் இல்லங்களில் செய்யும் தக்கடியும் இதே கணக்குத்தான். அரிசிமாவு உருண்டை குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். அரைக் கிலோ கறியில் ஒரு குடும்பமே வயிறு நிறையும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்கிறார்கள். இலங்கை முஸ்லிம்களிடையே ஒரு சஹனுக்கு ஆறு பேர் அமர்வது வழக்கம். அங்கே கறித்துண்டு நடுவில் இருக்கிறது. யார் எவ்வளவு எடுக்கிறார் என்பதை மற்றவர்களின் கண் அறிந்துகொண்டே இருக்கிறது. பெரியவர் ஒரு துண்டைப் பிய்த்து இளையவர் பக்கம் தள்ளிவைப்பார். இந்த ஒழுங்கை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்கவில்லை. தட்டின் வடிவமே கற்றுக்கொடுத்துவிட்டது.

ஸ்டீக் என்னும் சொல், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அவ்விதத்தில் அது நம் கபாபுக்கு மிகத் தொலைவானதன்று. பிற்காலத்து ஐரோப்பியத் தட்டுதான் அதனைத் தனியாளின் உணவாக்கியது.

எந்தப் பகுதி எதற்கு?

விலங்கின் எந்த உறுப்பு அதிகம் உழைக்கிறதோ, அந்த உறுப்பின் கறி கடினமாகவும் சுவை மிகுந்ததாகவும் இருக்கும். கழுத்து, முன்னங்கால், கணுக்கால், நெஞ்சு ஆகியவை ஓயாது உழைப்பவை. அவற்றில் கொலாஜன் எனப்படும் இணைப்புத் திசு அதிகம். இது கொதிநீரில் நெடுநேரம் வெந்தால்தான் கூழ்போலக் கரையும். கரைந்தபின் குழம்புக்கு அது தரும் வழவழப்பை வேறெதுவும் தராது. முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் சதை அதிகம் உழைப்பதில்லை. ஆகவே அது மிருதுவானது, விரைவில் வெந்துவிடும். நெடுநேரம் கொதித்தால் சாரம் இழந்து சக்கையாகிவிடும்.

இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் கறிக்கடையில் தடுமாற வேண்டியதில்லை. குழம்புக்கும் தால்சாவுக்கும் நெஞ்சுக்கறியும் கழுத்தும். பிரியாணிக்குத் தொடையும் தோளும் கலந்து, கொஞ்சம் எலும்போடு. வறுவலுக்குத் தொடைச்சதை. சுட்டு எடுக்க வேண்டுமானால் ஆட்டில் சாப்ஸ். மாட்டில் முதுகுச்சதை அல்லது அதன் உட்பக்கத்தில் கிடக்கும் 'அண்டர்கட்'. கணுக்கால் பாயாவுக்கு. தொடைக்கறிதான் உயர்ந்தது, மற்றவை மட்டம் என்று எண்ணிக் குழம்புக்கும் தொடைக்கறியையே கேட்டு வாங்குகிறவர்கள், அதிக விலை கொடுத்துக் குறைந்த சுவையை வாங்குகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பி உண்டது ஆட்டின் முன்னங்கால் பகுதி என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

ஆட்டின் இனமும் கருதத்தக்கது. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் பூமிக்கு உரியது கன்னி ஆடு. கறுத்த உடல், முகத்தின் இருபுறமும் வெண்கோடு ஓடினால் பால்கன்னி, செந்நிறக் கோடு ஓடினால் செங்கன்னி. வெள்ளைத் தோலில் செம்பழுப்புப் புள்ளிகளோடு திரியும் வேம்பூர்ச் செம்மறியும் இந்தப் பக்கத்ததே. மேய்ந்து நடந்து வளரும் ஆட்டின் கறியில் கொழுப்பு குறைவு, சுவை அதிகம், வேகும் நேரமும் சற்று அதிகம். கொழுத்த ஆட்டுக்கு எழுதப்பட்ட சமையல் குறிப்பை அப்படியே இதற்குக் கையாண்டால் கறி ரப்பராகிவிடும். வயதை அறியப் பல்லைப் பார்ப்பார்கள். முன்பக்கத்தில் இரண்டு நிலைப்பற்கள் எழும்பியிருந்தால் ஆடு ஏறக்குறைய ஒரு வயதைக் கடந்தது என்று பொருள்.

இன்னொன்று. அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு அடங்குவதற்கு முன் சமைத்த கறி எவ்வளவு வெந்தாலும் கடிக்கக் கடினமாகவே இருக்கும். 'சூடாறாத புதுக்கறி' என்று பெருமையாக வாங்கி வந்து உடனே அடுப்பில் ஏற்றுவதைவிட, ஓர் இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடி வைத்து மறுநாள் சமைப்பது நல்லது. குழம்புக்கு இது அத்தனை முக்கியமில்லை. சுட்டெடுக்கும் துண்டுக்கு மிக முக்கியம்.

கனத்த துண்டும் தோசைக்கல்லும்

ஸ்டீக் செய்ய விரும்பும் இல்லத்தரசி செய்ய வேண்டிய முதல் வேலை, கடைக்குப் போகிறவரிடம் "வெட்டாமல் முழுத் துண்டாக வாங்கி வாருங்கள்" என்று சொல்லியனுப்புவது. இதைச் சொல்லாவிட்டால் கத்தி தன் வழக்கத்தைக் காட்டிவிடும்.

எலும்பில்லாத பச்சைக்கறி ஆளுக்கு 150 முதல் 175 கிராம் போதுமானது. நெருப்பில் கால் பங்கு எடை குறைந்துவிடும். நான்கு பேருக்கு 600 முதல் 700 கிராம் என்று கணக்கு வையுங்கள். அதை நான்கு மெல்லிய துண்டுகளாக வாங்காதீர்கள். ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். மெல்லிய துண்டு, மேற்புறம் சிவந்து மணம் வருவதற்குள் உள்ளே காய்ந்துவிடும். கனத்த துண்டில் மேற்புறம் நன்றாக முறுகும்போது உள்ளே சாரம் தங்கியிருக்கும். ஆகவே பெரியதாக ஒன்றைச் சமைத்துப் பிறகு பகிர்வதே சுவைக்கும் நல்லது. தனித்தட்டுப் பண்டம் என்று பெயரெடுத்த உணவு, பகிரும்போதுதான் நன்றாக வருகிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி!

செய்முறை நீண்டதன்று. கறியை ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி முக்கால் மணி நேரம் வைத்திருக்க வேண்டும். நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லே இதற்கு மிகச் சிறந்த பாத்திரம். கல் புகையும் அளவுக்குக் காய்ந்ததும் சிறிது எண்ணெய் விட்டுத் துண்டை வைத்து, இருபுறமும் நன்றாகச் சிவந்தபின் தணலைக் குறைத்து மூடி வேகவைக்க வேண்டும். இறக்கியதும் வெட்டக் கூடாது. பத்து நிமிடம் தட்டில் ஓய்ந்து கிடந்தால் சாரம் சதைக்குள் அடங்கும். அவசரப்பட்டு வெட்டினால் தட்டெல்லாம் ஓடும். பப்பாளிக்காய் விழுது தடவும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அது மேற்புறத்தை மட்டுமே இளக்கும். நெடுநேரம் ஊறினால் அந்த மேற்புறம் குழைந்தும் போகும். அரை மணிக்கு மேல் வேண்டாம்.

வெட்டும்போது நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே, விரல் அகலத்தில் பாதிக்குக் குறைவாகச் சீவ வேண்டும். நார் நெடுகே வெட்டினால் மிருதுவான கறியும் மெல்லக் கடினமாகிவிடும். சீவிய துண்டுகளை ஒரு பெரிய தட்டில் பரப்பி நடுவில் வையுங்கள். ஓரத்துண்டுகள் நன்கு வெந்தவை. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவை ஏற்றவை. நடுத்துண்டுகள் மிருதுவானவை, இளைஞர்கள் விரும்புவது அவற்றையே. ஒரே துண்டில் இருவகை விருப்பமும் நிறைவேறுகிறது.

தட்டில் ஊறி நிற்கும் சிவந்த நீரைக் கண்டு, "இரத்தமாயிற்றே, ஆகுமா?" என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அது இரத்தமன்று. சதைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறப்பொருள் கலந்த நீர். முறையாக அறுத்து வடியவிட்ட பிராணியின் ஓடும் இரத்தம்தான் விலக்கப்பட்டது. சதையோடு ஒட்டி எஞ்சியிருப்பதை மார்க்க அறிஞர்கள் பொறுத்துக்கொள்ளத்தக்கதாகவே கூறியிருக்கிறார்கள். எனினும் உடல்நலம் வேறு விஷயம். அமெரிக்க வேளாண் துறை, முழுத் துண்டின் உட்பகுதி 63 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டி, மூன்று நிமிடம் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி. அறுத்தது முதல் குளிரிலேயே வைத்து விற்கும் ஏற்பாடு நம் ஊர்க் கடைகளில் அரிது. ஆகையால் மேலைநாட்டு உணவகங்களைப் பார்த்து உள்ளே பச்சையாக விடும் பழக்கம் நமக்கு வேண்டாம். இளஞ்சிவப்பு மறைந்து, சாரம் மறையாத பதமே போதும்.

சமைத்தவரின் தட்டு

இங்கேதான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கறி சமைத்த நாளில் நம் வீடுகளில் பரிமாறும் வரிசை எல்லோருக்கும் தெரியும். முதலில் அத்தாவும் ஆண்பிள்ளைகளும் விருந்தாளிகளும். பிறகு குழந்தைகள். கடைசியில் அடுப்படியிலேயே அமர்ந்து பெண்கள். அவர்கள் கைக்குச் சட்டி வரும்போது அதில் இருப்பது குழம்பும் இரண்டு எலும்பும். "எனக்குக் கறி அவ்வளவாகப் பிடிக்காது" என்று அவர்கள் சொல்வதை நாமும் நம்பிவிட்டோம். பல ஆண்டுகள் கிடைக்காத ஒன்றைப் பிடிக்காது என்று சொல்லிக்கொள்வது மனிதர்க்கு எளிது.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இந்திய அளவில் 57 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்ட பெண்கள்! இரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு. இரும்புச்சத்துக் குறைவு அவற்றுள் முதன்மையானது. இறைச்சியில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ளதை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. மாதந்தோறும் இரத்தம் இழக்கிறவர்கள், கருவுற்று உயிர் சுமப்பவர்கள் பெண்கள்தாம். வீட்டில் இருக்கும் கறி யாருக்கு மிகத் தேவையோ, அவர்களுக்கே மிகக் குறைவாகப் போய்ச் சேருகிறது.

இதற்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. பரிமாறத் தொடங்குமுன் பெண்களுக்குரிய பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, பிறகு சட்டியை வெளியே கொண்டு போகலாம். இதைச் செய்ய வேண்டியவர் மாமியார் அல்லது வீட்டுத் தலைவர். மருமகள் தானாக எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார். ஈரலும் சுவரொட்டியும் இரும்புச்சத்து மிகுந்தவை. அவற்றை ஆண்பிள்ளைக்கென்று ஒதுக்கும் பழக்கத்தை விட்டு, வளரும் பெண்பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கருவுற்றவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும். அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருப்பதால் கருவுக்கு ஊறு நேரலாம். அவர்களுக்குச் சதைக்கறி போதும். சாப்பாட்டோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்டு எழுந்த கையோடு சுலைமானி குடித்தால் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம்.

ஆண்களுக்கும் ஒரு சொல். சிவப்பிறைச்சியை வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்கு மேல் உண்ண வேண்டாம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் கூறுகிறது. 500 கிராம் சமைத்த கறி என்பது 700 முதல் 750 கிராம் பச்சைக்கறி. வெள்ளி, ஞாயிறு, அதற்கிடையே ஒரு வலீமா என்று போகிறவர்கள் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறார்கள். அவர்கள் தட்டில் குறைவதும் பெண்கள் தட்டில் கூடுவதும் இருவருக்கும் நன்மையே.

குர்பானியில் நடப்பது

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் இந்தத் தேர்வும் பங்கீடும் வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடுகின்றன. தனக்கு ஒரு பங்கு, உறவினருக்கும் நண்பருக்கும் ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரிப்பது நம்மிடையே பரவலான வழக்கம். ஹனஃபி மத்ஹபில் இது விரும்பத்தக்கது. ஷாஃபி மத்ஹபிலோ, ஏழைக்குக் கொஞ்சமேனும் பச்சைக்கறியாகவே கொடுத்தாக வேண்டும் என்பது கட்டாயம். சமைத்ததைக் கொடுத்தால் அவர் உண்ணத்தான் முடியும். பச்சையாகக் கொடுத்தால் அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் அவர் கைக்குப் போகிறது. எவ்வளவு நுட்பமான கருணை!

மாட்டில் ஏழு பேர் கூட்டுச் சேரலாம். அப்போது கறியைக் கண்ணளவில் பிரிக்காமல் தராசில் நிறுத்தே பிரிக்க வேண்டும் என்று ஹனஃபி அறிஞர்கள் வலியுறுத்துகிறார்கள். ஆனால் எடை சமமாக இருந்தால் மட்டும் பங்கு சமமாகிவிடாது. தொடையும் முதுகுச்சதையும் ஒரு குவியலிலும், கழுத்தும் விலாவும் மற்றொரு குவியலிலுமாகப் போனால் தராசு நேராகத்தான் நிற்கும்; நியாயம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏழாகப் பிரித்துச் சேர்ப்பது கூடுதல் வேலைதான். அதைச் செய்யும் ஊர்களில் மனக்கசப்பு இராது.

மூன்று பங்கிலும் இதே குறை நேர்கிறது. முதலில் வீட்டுக்கு வேண்டிய சாப்ஸும் ஈரலும் தொடையும் உள்ளே போய்விடும். பிறகு உறவினருக்குப் பாத்திரம் போகும். எஞ்சிய எலும்பும் சவ்வும் கொழுப்பும் பைகளில் கட்டப்பட்டு வாசலில் நிற்பவர்களுக்குப் போகும். தனக்கே வேண்டாத மட்டமானதைத் தேடி எடுத்துத் தர்மம் செய்வதை அல்பகரா அத்தியாயம் கண்டிக்கிறது. ஒருமுறை ஆடு அறுத்துப் பங்கிட்டபின், தோள்பகுதி மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று அன்னை ஆயிஷா (ரலி) சொன்னபோது, கொடுக்கப்பட்டதெல்லாம் எஞ்சிவிட்டது, இந்தத் தோள்தான் எஞ்சவில்லை என்ற பொருளில் நபிகளார் (ஸல்) மறுமொழி கூறியதைத் திர்மிதீயில் காண்கிறோம்.

குளிர்பெட்டி வந்தபின் இன்னொரு மாற்றம். பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய கறி, உறைபெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கிறது. மதீனாவுக்கு வறியவர்கள் திரளாக வந்த ஓர் ஆண்டில், குர்பானிக் கறியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபிகளார் தடுத்தார்கள். நெருக்கடி நீங்கியபின் சேமிக்கவும் அனுமதித்தார்கள். சேமிப்பது குற்றமில்லை. சுற்றிலும் இருப்பவர் நிலையைப் பார்த்துச் சேமிக்க வேண்டும்.

நம் பகுதியில் அண்டை வீட்டார் பெரும்பாலும் பிற சமயத்தவர். ஹனஃபி மத்ஹபில் அவர்களுக்கும் குர்பானிக் கறி கொடுக்கலாம். ஆனால் கேட்டுக் கொடுப்பது நாகரிகம். சிலர் ஆட்டுக்கறி மட்டுமே உண்பவர்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏற விரதமிருப்பவர்கள் வத்திராயிருப்பைச் சுற்றிய ஊர்களில் ஏராளம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நாள்களிலும், புரட்டாசி சனிக்கிழமைகளிலும் அசைவம் தொடாதவர்கள் உண்டு. பெருநாள் அப்படிப்பட்ட நாளில் வந்தால் அவர்கள் வீட்டுக்குப் பால்கோவா போகட்டும். கறி பிறிதொரு நாள் போகலாம்.

கொடுக்கும் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். சிறு சட்டி மட்டுமே உள்ள வீட்டுக்கு முழங்கால் எலும்பை அப்படியே கொடுத்தால் அவர்கள் அதை எதில் வைத்து வேகவைப்பார்கள்? குழம்புக்கு ஏற்ற அளவில் வெட்டி, சதையும் எலும்பும் கலந்து, ஒரு வேளைக்குப் போதுமான முக்கால் கிலோ அல்லது ஒரு கிலோவாகக் கட்டுங்கள். இயன்றவர்கள் அதனோடு கால் லிட்டர் எண்ணெயும் ஒரு பொட்டலம் மசாலாப் பொடியும் வைக்கலாம். கறி கிடைத்தும் அதைச் சமைக்கக் கடையில் கடன் சொல்லும் வீடுகள் உண்டு. அறுத்தவருக்குரிய கூலியைத் தனியே பணமாகக் கொடுத்துவிட வேண்டும். கறியோ தோலோ கூலியாகாது. பைகளைக் கட்டி முடித்து வாசலுக்கு அனுப்பிய பிறகு, வீட்டுக்குரிய குவியலிலிருந்து சாப்ஸை எடுத்துத் தோசைக்கல்லைக் காயவைக்கலாம்.